உன் அம்மாவுக்கு நான் வைத்த உப்பில்லாக் குழம்பு

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன், அம்மாவின் துணிமணிகளை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்ததிலிருந்து எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கம்பைநல்லூர் கடைவீதி வரை போய் எதுவும் வாங்காமல் திரும்பி வந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பொங்கவிட்டேன். போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நீ முழுசாகப் பேசவிட மாட்டாய், எனக்கும் பாதியில் கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போடப்போகிறேன். ஏன் ஊரறியப் போடுகிறீர்கள் என்று கேட்காதே. "அம்மா சொன்ன பேச்சு கேக்கறதில்ல, உப்பைத் திருடித் தின்னுது, அப்பாவால சமாளிக்க முடியல, நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்று நீ அங்கேதான் எழுதினாய். உன் சின்னம்மா படித்தாள், உன் மாமன் படித்தான், மாமன் பெண்டாட்டி அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டாள். படித்தவர்கள் எல்லோரும் இதையும் படிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. உன் அம்மா உப்பைத் திருடவில்லை. ஒரு கல் உப்புகூட எடுத்து வாயில் போடவில்லை. அவள் கால் வீங்கியது என்னால்.

ஆடி பிறந்த சமயம் தர்மபுரியில் டாக்டர் சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். இதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, உடம்பில் நீர் தங்குகிறது, உப்பை நன்றாகக் குறைத்தாக வேண்டும், ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எதுவும் ஆகாது என்றார். நீ வழியிலேயே கேட்டாய், "யாருப்பா சமைக்கறது? அம்மா கையில விட்டா பழக்கத்துல போட்டுடும்" என்று. நான் சமைக்கிறேன் என்றேன். நீ சிரித்தாய். சித்தேரி மலைப்பாதையில் அத்தனை வருடம் பஸ் ஓட்டியவனுக்கு ஒரு சட்டிக் குழம்பு வைக்க வராதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவை முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்றேன். "ஸ்டியரிங் ஒருத்தர் கையிலதான் இருக்கணும். பக்கத்து சீட்டுல இருந்து வழி சொல்லாத" என்றேன். அவள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "சரிங்க டிரைவரே" என்றாள்.

நான் கிண்டிய முதல் களியைப் பற்றி உன் அம்மா சின்னம்மாவிடம் சொல்லிச் சிரித்தது உன் காதுக்கும் வந்திருக்கும். தண்ணீர் கொதிக்கும் முன்பே மாவைக் கொட்டிவிட்டேன். கட்டி கட்டியாக நின்றுவிட்டது. உருண்டை பிடித்ததை எடுத்துச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடைந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், கொஞ்சம் மாவைத் தனியாகக் கரைத்து ஊற்றி அது கஞ்சியாகி மேலே வரும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, தொடாமல் விட்டுவிட வேண்டும். அது வெந்த பிறகுதான் கிண்டுகிற கட்டையை எடுக்க வேண்டும். கிண்டும்போது பாத்திரத்தைத் தரையில் இறக்கி இரண்டு பாதத்துக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது பஸ் மாதிரி வளைவில் ஓடிவிடும். களிக்கு உப்பு வேண்டவே வேண்டாம், அது நமக்கு நல்லதாகப் போயிற்று. தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல். கொள்ளை லேசாக வறுத்து வேகவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி, இரண்டு மிளகாய் போட்டு மத்தால் கடைந்து, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தால் உப்பில்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. சூட்டில் பிழிந்தால் கசந்துவிடும். உன்னோடு பெங்களூருக்கு அவள் வந்தாலும் வராவிட்டாலும் நீ இதைத் தெரிந்து வைத்துக்கொள். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, காய்ந்த மிளகாய், பூண்டு, கொப்பரை சேர்த்துக் கொரகொரவென்று இடித்து வைத்தால் சோற்றுக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும். அதிலும் உப்பு இல்லை. மிக்ஸியில் ஓடவிட்டால் எண்ணெய் விட்டு அல்வா மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிடு.

கால் வீக்கத்துக்குக் காலை உயரத்தில் வைத்துப் படுக்கச் சொன்னார்கள். கடைத் தலையணை அமுங்கிப் போகிறது. என் பழைய காக்கிச் சட்டைகள் பீரோவில் கிடந்தன. இரண்டை எடுத்துக் கையையும் கழுத்தையும் வெட்டி, இலவம் பஞ்சு வாங்கி அடைத்து, நானே கையால் தைத்தேன். கொட்டை நீக்காமல் அடைத்துவிட்டேன், படுத்தால் நறநறவென்றது. மறுபடி பிரித்தேன். அன்றைக்கு வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது, கோழிப் பண்ணை போல இருந்தது. உன் அம்மா தும்மிக்கொண்டே, "பாக்கெட்டோட தைச்சிருக்கீங்களே, இதுல டிக்கெட் வெச்சுக்கவா?" என்றாள். தையல் கோணல்தான். ஆனாலும் அந்தத் தலையணையில்தான் இன்றும் காலை வைக்கிறாள். இவ்வளவும் செய்கிறேன், வீக்கம் மட்டும் வடியவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசியும் வந்தது. காலையில் சுமாராக இருக்கும் கால் சாயங்காலம் புசுபுசுவென்று ஆகிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். "வீட்டுல எப்படியோ உப்பு உள்ள போவுதும்மா, பாருங்க" என்றார்.

நான் பார்க்க ஆரம்பித்தேன். இந்த இடத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். எனக்கு வந்த சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. உப்பில்லாக் குழம்பை உன் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டாள். களியைச் சொன்னாள், கீரையைச் சொன்னாள், மோரைச் சொன்னாள். "மண்ணு மாதிரி இருக்குதுங்க" என்பாள். புளிக்குழம்பையும் ரசத்தையும் மட்டும் சொல்லவே மாட்டாள். இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். எனக்கு எப்படித் தோன்றும்? நான் அந்தப் பக்கம் திரும்பும்போது உப்பைப் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் தோன்றியது. உன்னிடம் போனில் சொன்னேன். நீ உப்பு ஜாடியைப் பூட்டி வைக்கச் சொன்னாய். பீரோவில் வைத்துப் பூட்டினேன். துணிகளோடு உப்பு ஜாடி. அப்படியும் வீக்கம் குறையவில்லை. அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். ஜெபமாலை வைத்திருக்கும் சின்னப் பையைத் திறந்து உதறினேன். அதை அவள் பார்த்துக்கொண்டே வாசற்படியில் நின்றாள். "மாதா மேல சத்தியமா நான் போடலைங்க" என்றாள். அவள் மாதா பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணி நான் கேட்டதே இல்லை. அப்போதும் நான் நம்பவில்லை. "அப்ப வானத்துல இருந்து வுழுதா?" என்று கத்தினேன். நீ போனில் கத்தினாய். ஸ்பீக்கரில் போட்டு அவளுக்குக் கேட்க வைத்ததும் நான்தான். "உனக்குச் சாவணும்னு ஆசையா இருந்தா சொல்லிடும்மா" என்றாய். அவள் போன் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தை மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

போன வாரம் பாப்பாரப்பட்டிக்கு ஒரு துக்கத்துக்குப் போனேன். வீட்டில் புளிப் பானை அடிமட்டத்துக்கு வந்திருந்தது, உனக்கும் சின்னம்மாவுக்கும் பிரித்துக் கொடுத்தது போக மீதிதான் நமக்கு. அதனால் வருகிற வழியில் கடையில் கொஞ்சம் புளி வாங்கி வந்தேன். மறுநாள் அந்தப் புளியைக் கரைத்துக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். உன் அம்மா முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு நிறுத்தினாள். "இன்னிக்குக் குழம்பு சப்புன்னு இருக்குதுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம். உப்பு கிடைக்கவில்லை போல என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ரசமும் அப்படியே. இரண்டு மூன்று நாளாக இதே கதை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறாள். ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் காலைத் தொட்டுப் பார்த்தேன், எலும்பு தெரிந்தது. கணுக்கால் எலும்பு, கண்ணு! ஆடிக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை.

என்ன மாறியது என்று யோசித்தேன். அரிசி அதே அரிசி, மாத்திரை அதே மாத்திரை. புளி ஒன்றுதான் புதிது. போய்ப் பழைய பானைக்குள் கைவிட்டுக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது. நாக்கு சுருங்கிப் போகிற அளவுக்குக் கரித்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் புளி தட்டிக் கொட்டை எடுத்துப் பானையில் அடைத்தது யார்? நான். அதற்கு முந்தின வருடப் புளியில் புழு வைத்துவிட்டது என்பதால், இந்த முறை ஒரு வரிசை புளி, ஒரு கை கல்லுப்பு, மறுபடி ஒரு வரிசை புளி, மறுபடி ஒரு கை உப்பு என்று போட்டு கைமுட்டியால் குத்திக் குத்தி அடைத்தேன். உன் அம்மா அப்போதே, "போதுங்க, கைய வெச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். நான் கேட்கவில்லை. நம் பக்கத்தில் யார் வீட்டுப் புளிப் பானையில்தான் உப்பு இல்லை? சமைக்கிறவளுக்கு அது தெரியும், புளிக்கு ஏற்றபடி உப்பைக் குறைத்துப் போடுவாள். நான் சமைக்கத் தெரியாத சமையல்காரன். ஜாடி உப்பைப் பீரோவில் பூட்டிவிட்டு, பானை உப்பைத் தினமும் கரைத்து ஊற்றியிருக்கிறேன்.

நீங்கள் ருசி பார்க்கவில்லையா என்று கேட்பாய். இல்லை. அவளுக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், அவள் சட்டியிலிருந்து நான் ஒரு நாளும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்ததில்லை. என் சட்டியில் தாராளமாக உப்புப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, அப்பளம் பொரித்துத் தின்றேன். அவள் வாசனை பிடித்துக்கொண்டு தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். ஒரே ஒரு நாள் அவள் சட்டியில் விரலை வைத்து நக்கியிருந்தால் ஆடி மாதத்திலேயே தெரிந்திருக்கும். உனக்கும் சந்தேகம் இருந்தால் உன் வீட்டு டப்பாவில் நான் கொடுத்த புளி இருக்கிறது. அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார், பிறகு காரை எடு.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் முன்னறைக்கு ஓடினேன். ஆமாம், சந்தோஷம்தான். வெட்கங்கெட்டவனுக்கு அப்போது சந்தோஷம் வந்தது. அவள் மேல் தப்பில்லை, வீக்கம் வடிந்துவிடும், நீயும் கூட்டிப்போக வேண்டாம் என்று எல்லாம் ஒரே நிமிடத்தில் சரியாகிவிட்டது போல இருந்தது. புளியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏய், நீ போடல! புளியில இருந்துச்சு உப்பு! பானையில நான் போட்டது!" என்று கூவினேன். அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"அப்ப நீங்க போடலைங்களா?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "நான் எதுக்குப் போடப்போறேன்?" என்றேன்.

"இல்ல... பானைப் புளி பிரிச்சுக் குடுத்ததோட தீந்துடுச்சுன்னுதான் இருந்தேன். குழம்புல கொஞ்சம் உப்பு இருந்துச்சு. நான் படற பாட்டைப் பாத்துட்டு, பாவம்னு நெனச்சு, பையனுக்குத் தெரியாம நீங்கதான் ஒரு சிட்டிகை போடறீங்கன்னு நெனச்சேன். நல்லதில்லதான், தெரியும். ஆனா சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லல. அதுக்காவவே இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவேன்."

"அப்பறம் நான் உன்னையப் புடிச்சுக் கத்துனப்ப? பையன் கத்துனப்ப? அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் காக்கித் தலையணையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "சொன்னா உங்களைத்தான பையன் திட்டுவான். நீங்க அவனுக்குப் பயந்துக்கிட்டு என் மேல போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். போவட்டும், ஆசையாத்தான போட்டாரு, பழியை நாம வாங்கிக்குவோம்னு இருந்துட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. நான் அவளைத் திருடி என்று நினைத்துப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த நாளிலெல்லாம், அவள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்து, அதையும் மன்னித்து, எனக்காக உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வை இதுதான். காலமெல்லாம் கூட இருந்த எனக்கு அது புரியவில்லை.

அன்று மதியம் ஒரே சட்டியில் சமைத்தேன். புதுப் புளி, உப்பில்லை. இருவருக்கும் அதிலிருந்தே ஊற்றினேன். என் வாய்க்குள் அது இறங்கவே மாட்டேன் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அழுகையா ருசியின்மையா என்று கேட்காதே. உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிங்க இருக்குது?" என்றாள். நான் பொய் சொல்லவில்லை. "வாயில வெக்க முடியல" என்றேன். "பழகிடும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். அவள் தட்டு காலியாகிற வரை நானும் எழவில்லை. அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டிதான். பீரோவில் இருந்த ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது நாற்காலி அடுப்படிக்குள் வந்துவிட்டது, பக்கத்து சீட்டில் இருந்து அவள் வழி சொல்கிறாள், நான் ஓட்டுகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டில்தான் இருப்போம், வா. வந்ததும் பெட்டியைத் தேடாதே. அவள் எதிரில் உட்கார். குழுவில் எழுதியதற்குக் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் நேரில் ஒரு தடவை கேள். அதன் பிறகு பெங்களூருக்கு வருகிறாயா என்று அவளைக் கேள். நீயும் நானும் எத்தனை தடவை போனில் இதைப் பற்றிப் பேசினோம்! கூட்டிப் போகிறேன் என்றாய், அனுப்ப மாட்டேன் என்றேன். அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. நேற்று நான் கேட்டேன். "பையன் வரட்டும், அவன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று முடித்துவிட்டாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. வருகிறேன் என்றால் நான் மறிக்க மாட்டேன், தலையணையைக் காரில் ஏற்றிக் கொடுக்கிறேன். உன் வீட்டிலும் ஒரு சட்டியாக இருந்தால் போதும்.

இவ்வளவு எழுதிய பிறகும் கால் நிலைகொள்ளவில்லை. போவாளா, இருப்பாளா என்கிற கவலை ஒரு பக்கம். ஆனால் அது இல்லை என்னை உட்காரவிடாமல் செய்வது. "அப்ப நீங்க போடலைங்களா?" என்று கேட்டாளே, அது. இத்தனை மாதம் கட்டின புருஷன் தன் மேல் இரக்கப்பட்டு ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறான் என்று நம்பித்தான் அந்தச் சோற்றை அவள் சாப்பிட்டிருக்கிறாள். உப்பு போட்டதற்காவது ஆளாக நான் இருந்தேன், கண்ணு. இரக்கப்பட்டதற்குத்தான் ஆளில்லை.

உன் அப்பா